லிஃப்டுக்குள் கேட்ட குரல்

கல்லூரியில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் எக்ஸ்பிரஸ். வைத்தவர்கள் வகுப்புத் தோழிகள்தான். ஆனால் சீக்கிரமே ஆசிரியர்கள் வாயிலும் அது வந்துவிட்டது. மின்பொறியியல் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ஒரு செமினார் கொடுத்தார்கள். அரை மணி நேரம் பேச வேண்டியதை மூச்சுவிடாமல் கொட்டி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்கக்கூட மறந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையில் ஒருத்தி அப்போதுதான் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குப் பாடம் நல்லா தெரியுதும்மா. ஆனா அது உன்கிட்டயேதான் இருக்கு" என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

முழுப் பழியையும் அவள் மேல் போட முடியாது. நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். கீழே அப்பாவின் தச்சுப் பட்டறை, மேலே வீடு. ரம்பம் நின்றால் அண்ணன்கள் ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் கவளத்தை வாயில் வைக்கும் இடைவெளியில்தான் அடுத்தவர் பேச முடியும். அந்த இடைவெளிக்குள் ஒரு முழு வாக்கியத்தைத் திணிக்கக் கற்றுக்கொண்டவள் அவள். அவர்களுக்குள் அது நன்றாகவே புரிந்தும் வந்தது.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும், லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வார இறுதி வேலைக்குச் சேர்ந்தாள். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் மணிப் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அந்த அழைப்பு வந்து சேரும் இடம். பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு நீள அறை. டர்பன்டைன் வாடை மாடிவரை வரும். சுவரில் நகர வரைபடம், பஞ்சு உதிர்ந்த ஹெட்போன்கள், வரிசையாக நாலைந்து மேசைகள். எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு பகல் பயிற்சி கொடுத்தார்கள். லிஃப்டின் உள்ளும் புறமும் அத்துப்படியான தனக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

சேர்ந்த சில வாரங்களில் அந்த அழைப்பு வந்தது. ஓர் ஆணின் குரல்.

"லிஃப்ட் நின்னு போச்சுங்க. ஒரே இருட்டு. ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"பயப்படாதீங்க சார், லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா பிரேக் தானா பிடிச்சுக்கும், கம்பி அறுந்தாக்கூட கீழ விழாது, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க தனி அமைப்பு இருக்கு, அதனால கதவை மட்டும் திறக்காதீங்க, ஏன்னா லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி இருக்கும்..."

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன்."

"அதான் சார், முதல்ல நீங்க புரிஞ்சுக்கணும், அந்த பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னா..."

இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ தொப்பென்று விழுந்தது. அதற்குப் பிறகு குரல் இல்லை.

அந்த மனிதர் கதவை நெம்பித் திறந்து கீழ் மாடிக்குக் குதித்திருந்தார். நல்ல காலம், பின்பக்கம் சாயாமல் முன்பக்கம் விழுந்தார். சாய்ந்திருந்தால் லிஃப்ட் குழிக்குள் போயிருப்பார். கணுக்கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

மேற்பார்வை செய்யும் அம்மாள் அவளைத் திட்டவில்லை. பதிவான பேச்சை அவளுக்குப் போட்டுக் காட்டினார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. தன் குரலை முதல் தடவையாக வெளியாள் போல் கேட்டாள் எக்ஸ்பிரஸ். அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இரண்டு தடவையும் அதையே கேட்டிருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள், அதற்கு மட்டும் சொல்லவில்லை.

"உன் மேல தப்புன்னு யாரும் எழுத மாட்டாங்க. கதவைத் திறக்காதீங்கன்னு நீ சொல்லியிருக்கே" என்றார் அம்மாள்.

"சொன்னேன் மேடம். அவருக்குப் போய்ச் சேரலையே."

வேறு யாராக இருந்தாலும் அதோடு வேலையை விட்டிருப்பார்கள், இல்லை விஷயத்தை மறந்திருப்பார்கள். அவள் அந்தக் கட்டடத்துக்கே போனாள். குதித்தவர் ஒரு பல் மருத்துவர், அங்கேதான் அவருடைய கிளினிக் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருந்தாள். அவள் முறை வந்ததும், கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்த மருத்துவர், "படுத்துக்கோங்க" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் நாற்காலியில் சாய்ந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர். அன்னிக்கு லிஃப்ட்ல உங்ககிட்ட போன்ல பேசினது நான்தான்."

கையிலிருந்த, பல் பார்க்கும் சிறு கண்ணாடி அப்படியே நின்றது. "கம்பெனி அனுப்பிச்சுதா?"

"இல்ல. தெரிஞ்சா வேலை போயிடும். மன்னிப்பு கேக்கணும். அதோட ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நான் அவ்வளவு பேசினேனே, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. அதைவிட, படித்த மனிதர் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட வெட்கமும் தெரிந்தது.

"அறுந்தா, விழும், பிரேக். இதுதான் காதுல விழுந்துச்சு. நீங்க பேசின வேகத்தைக் கேட்டு, ஏதோ விபரீதம் நடக்கப்போகுது, அதான் இந்தப் பொண்ணு இப்படிப் பதறுதுன்னு நினைச்சேன். நான் வெளியே வர அவசரப்பட்டதே உங்களாலதான்."

அவள் எழுந்திருக்கப் போனாள். "வந்ததுதான் வந்தீங்க, வாயைத் திறங்க" என்றார். கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை இருந்தது.

அடுத்து அவள் செய்ததைக் கேட்டுத்தான் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். தன்னை லிஃப்டுக்குள் வைத்து, இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி, விளக்கையும் அணைக்கச் சொன்னாள்.

"எல்லாரும் வெளியே வர்றதுக்குத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. நீ என்னம்மா உள்ள வச்சுப் பூட்டச் சொல்றே?"

"ஒரு மெஷினைச் சோதிச்சுப் பாக்காம ஓட்டுவீங்களாண்ணே? எங்க பேச்சை யாருமே சோதிச்சுப் பாக்கலை."

விளக்கு அணைந்தது. பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய அவளுக்கே நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. தடவித் தடவிப் பொத்தானை அழுத்தினாள். எடுத்தது கூட வேலை பார்க்கும் ஒருத்தி; தேன் குரல், அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்த குரல். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது குரல். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அங்கே அவள் கட்டடத்தின் விலாசத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள் என்பது எக்ஸ்பிரஸுக்குத் தெரியும். தெரிந்தும், இணைப்பு அறுந்துவிட்டது, தன்னை மறந்துவிட்டார்கள் என்றே மனம் அடித்துச் சொன்னது. பொத்தானுக்கு மேல் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைபேசி வெளிச்சத்தில் படிக்கப் பார்த்தாள். 'பயணிகள் பதற்றமடையாமல் இருக்கும்படியும் கதவுகளை வலுக்கட்டாயமாகத் திறக்க முற்படாமலிருக்கும்படியும்' என்று போய்க்கொண்டே இருந்தது. வாக்கியம் முடிவதற்குள் வியர்த்துவிட்டது.

வெளியே வந்தவளிடம் மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "போதுமா?"

"போதும்ண்ணே. நாளைக்கு இன்னொரு தடவை."

அன்றிலிருந்து அவள் பேச்சை ஒரு மின்சுற்றைப் போலப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் முதலில். ஒரு விஷயம் சொன்னால் நிறுத்தி, எதிராளி மூச்சுவிடுவது கேட்கிறதா என்று கவனிப்பது. தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், "உங்க விலாசத்தை எழுதிக்கிறேன், சத்தம் வராது, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுதுவது. வாரக் கடைசியில் தன் அழைப்புகளை உட்கார்ந்து கேட்பாள். கேட்கக் கேட்கக் கூசும். ஆனாலும் கேட்பாள்.

வீட்டில்தான் பாடு. மேசையில் அவள் நிதானமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு விஷயம் தாண்டிப் போயிருக்கும். "என்ன பாப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பெரியண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "பேட்டரி இறங்கிடுச்சு" என்றான் சின்னவன். அம்மா மட்டும், "அவ பேசுறது இப்பத்தான் எனக்குப் புரியுது. நீங்க வாயை மூடுங்கடா" என்றாள்.

இறுதி ஆண்டில் செய்முறைத் திட்டத்துக்கு, லிஃப்டில் சிக்கியவர்களுக்கு என்ன சொல்வது, எப்படி எழுதி ஒட்டுவது என்பதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "இதுல எஞ்சினியரிங் எங்கம்மா இருக்கு?" என்றார்.

அவள் வாதாடவில்லை. திட்டங்களைத் தேர்வு செய்யும் குழு கூடிய அன்று, பையிலிருந்து லிஃப்டின் பழைய அறிவிப்புப் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சார், அறை விளக்கை அணைக்கிறேன். போன் வெளிச்சத்துல இதைச் சத்தமா வாசிக்கிறீங்களா?"

வாசிக்கத் தொடங்கினார். 'முற்படாமலிருக்கும்படியும்' என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். யாரோ இருமினார்கள். அவள் தான் எழுதிய பலகையை நீட்டினாள். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'மணியை அழுத்துங்கள். பதில் வரும். காற்று உள்ளே வருகிறது. கதவைத் திறந்தால்தான் ஆபத்து.'

விளக்கைப் போட்ட பிறகும் அவர் அந்தப் பலகையைக் கையிலேயே வைத்திருந்தார். "எத்தனை தடவை திருத்தினே?" என்றார்.

"கணக்கு வைக்கலை சார். மெக்கானிக்கும் எங்க அம்மாவும் படிச்சு, ஒரே மாதிரி புரிஞ்சுக்கிற வரைக்கும் திருத்தினேன்."

திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

அந்த ஆண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நகரத்தில் பாதிக்கு மின்சாரம் போனது. ஒரே நேரத்தில் எங்கெங்கோ லிஃப்டுகள் நின்றன. மேசையிலிருந்த எல்லாத் தொலைபேசிகளும் அலறின. இருந்த மெக்கானிக்குகளோ ஒரு கை விரல்களுக்குள். எக்ஸ்பிரஸ் எடுத்த ஒரு அழைப்பில் பல குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஒரு அழுகை, ஒரு அதட்டல், நடுவில் இரும்பு உரசும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நான் லிஃப்ட் கம்பெனியில இருந்து பேசுறேன். கதவுல கை வச்சிருக்கிறவர் யாரு?"

சலசலப்பு அடங்கியது. "நான்தான். இங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுது. எவ்வளவு நேரம் ஆகும் உங்க ஆளு வர?"

"ஒரு மணி நேரம் ஆகலாம்."

அதோடு நிறுத்தி, மறுமுனையில் மூச்சுவிடுவது கேட்கிறதா என்று கவனித்தாள்.

"ஒரு மணி நேரமா?" குரல் இறங்கியிருந்தது.

"ஆமாங்க. ஊர் முழுக்க கரண்ட் இல்லை. பொய் சொல்ல விரும்பலை. ஆனா அதுவரைக்கும் நீங்க உள்ள பத்திரமா இருக்கலாம். காத்து வருது. மேல விளிம்புல கை வச்சுப் பாருங்க."

சற்றுப் பொறுத்து, "ஆமா, லேசா வருது" என்றது குரல்.

"அந்த அம்மாவைக் காத்து வர்ற பக்கமா உட்கார வைங்க. கதவை விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கொடுக்குறேன்."

"அப்ப பதறுறவங்க பக்கத்துல உட்கார்ந்து பழக்கம் இருக்கும்." அங்கே யாரோ சிரித்தார்கள். "இப்ப நான் மத்தவங்களோட போனையும் எடுக்கணும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் அங்க இருக்கிற எல்லாரையும் நீங்க பாத்துக்குங்க. முடியுமா?"

"கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடுவேன்."

கூப்பிட்டாள். மற்ற அழைப்புகளுக்கு நடுவே, சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாள். மெக்கானிக் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆயிற்று. கதவு திறந்தபோது, மூச்சு முட்டிய அம்மாள் உட்பட எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். அன்று எந்த லிஃப்டிலும் யாரும் கதவை உடைக்கவில்லை. மேற்பார்வையாளர் அம்மாள் அவள் மேசைக்கு வந்து, பஞ்சு உதிர்ந்த ஹெட்போனை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போனார்.

படிப்பு முடிந்து வேலைக்கான நேர்காணல்களுக்குப் போனாள். ஒரு கம்பெனியில், பதில் சொல்லுமுன் யோசிக்கிறாள், சுறுசுறுப்பு போதாது என்று நிராகரித்தார்கள். தோழிகளுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய அடுக்குமாடிகளில் லிஃப்டை மாற்றிப் புதியது பொருத்தும் வேலை. வேலையில் பாதி இயந்திரம், பாதி மனிதர்கள்.

போன மாதம் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களின் கூட்டத்துக்குப் போயிருந்தாள். லிஃப்ட் சில வாரங்களுக்கு ஓடாது என்று சொன்னதும் கூடம் கொதித்தது. ஆள் ஆளுக்குக் கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மேல் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் கணவரோடு வாழும் பெண் எழுந்தார்.

"அவரை வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நாங்க என்ன பண்றது?"

கம்பெனியின் மேலாளர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார்.

எக்ஸ்பிரஸ் எழுந்து நின்றாள். "எனக்கு இப்ப தெரியலைங்க. தூக்கிட்டுப் போக ஆள் ஏற்பாடு பண்ண முடியுமா, இல்ல வேலையைப் பகுதி பகுதியா செய்ய முடியுமான்னு கேக்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்களைக் கூப்பிடுறேன்."

மேலாளர் முகம் சுருங்கியது. அந்தப் பெண் நம்பியதாகத் தெரியவில்லை. கைபேசி எண்ணை மட்டும் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் கைபேசி ஒலித்தது. ஆஸ்பத்திரி போகும் நாட்களில் இரண்டு ஆட்களும் ஒரு தூக்கு நாற்காலியும் வரும் என்று எக்ஸ்பிரஸ் சொன்னாள். அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

"அவர் கொஞ்சம் கனமா இருப்பாரும்மா" என்றார் அந்தப் பெண், தயங்கியபடி.

"எவ்வளவு எடை, சொல்லுங்க. அதுக்குத் தகுந்த ஆளா அனுப்பச் சொல்றேன்."