கப்பல் ஏறாத கல்

அத்தையின் கள்ளிச்செடியைப் பார்த்த எவரும் அதைச் செடி என்று ஒப்புக்கொண்டதில்லை. ஏதோ ஒரு பாலைவனத்தில் கல்லோடு கல்லாகக் கிடக்கும் வகையாம். நான் பிறந்த வருஷம் அத்தை அதை விதை போட்டு முளைக்கவைத்தாள். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அது எலுமிச்சம்பழ அளவைத் தாண்டவில்லை. அந்தமானில் எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் மழைச்சாரல் படாத ஒரே ஜன்னலை அதற்கே கொடுத்திருந்தாள். எங்கள் ஊர் மழைக்கு வேறு வழியில்லை.

அந்த வருஷம் அத்தைக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்து அப்பாவே சரி சொல்லிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதுமில்லை. முகூர்த்தத்துக்கு முன் மெயின்லேண்ட் போய்ச் சேர ஒரே கப்பல்தான் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் அத்தை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைப் பவளத் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னாள். பாவாடை நிறையப் பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், செடியின் நடுவில் பஞ்சு போன்ற ரோமத்துக்குள்ளிருந்து முதன்முதலாக ஓர் இளஞ்சிவப்பு மொட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மூடி, தொட்டி முழுக்கத் துண்டுகளை அடுக்கினாள்.

மறுநாள் கப்பல்துறையில் பைகளைச் சோதித்த காவலர் தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"யே க்யா ஹை? மூங்கா?"

"பவளம் இல்ல சாப், செடி, பௌதா ஹை, பௌதா," என்று அப்பா பதறினார்.

"பௌதா ஹை தோ பத்தா கிதர்?"

இலைக்கு அப்பா எங்கே போவார்? உதிரித் துண்டுகள் என்றால் கொட்டிவிட்டுப் போகலாம், ஆனால் நடுவில் இருப்பது கடலுக்கடியிலிருந்து பெயர்த்தெடுத்தது, இது கேஸ் என்றார் காவலர். யாரும் தொடக்கூடாது, கொண்டுவந்தவர் வன அலுவலகத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

கப்பல் ஒரு முறை ஊதியது. ஏணிப்படியில் கடைசி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"அந்தக் கருமத்த இங்கயே போட்டுட்டு ஏறும்மா!"

"மேடம் நஹி ஜாயேகி," என்று காவலர் குறுக்கே நின்றார்.

மொட்டைக் காட்டினால் போதும். இரண்டு துண்டை நகர்த்தினால் போதும். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்துவிடும் போலிருந்தது.

"அத்த, மொட்டு..."

"சும்மா இருடி."

மொட்டு நசுங்கிவிடும் என்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஏணியைத் தூக்கினார்கள். கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அத்தை அழவில்லை.

மறுநாள் வன அலுவலகத்தில் துண்டுகளை எடுத்துப் பார்த்தால், பூ மலர்ந்திருந்தது. பெரிய அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து, தொட்டியோடு எங்களை அனுப்பிவைத்தார். முகூர்த்தத்துக்கு வராத பெண் வேண்டாம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அப்பா அந்தக் காவலரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். அக்கம்பக்கத்தார் வந்து உச்சுக்கொட்டினார்கள். அத்தை அன்று ராத்திரி மீன்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டாள்.

எனக்குத்தான் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எப்போது கடற்கரைக்குப் போனாலும், ஒரு கிளிஞ்சல்கூட வீட்டுக்கு வரக் கூடாது, சட்டவிரோதம் என்று என் பாவாடையை உதறவைத்துக் கூட்டிவருபவள் அத்தைதான். பாவம், கல்யாண அவசரத்தில் அவளுக்கே அது மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.