வெள்ளி டம்ளரில் ஒரு சம்மதம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் லகாட்டில் ஒரு கல்யாணம் நின்று போயிருக்கும். காரணம் ஜாதகமா? நகையா? இல்லை... தேத்தண்ணி. அதை ஊற்றியவள் நான் என்பதால் முழுக் கதையும் என்னிடம் இருக்கிறது.

என் அக்கா மகள் தேவியைப் பெண் பார்க்கத் தாப்பாவிலிருந்து வந்தார்கள். பையன் கணேசன் வயரிங் வேலை செய்கிறான். தேவிக்கு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கிற வேலை. அங்கே அவன் லைன் இழுக்க வந்தபோது இரண்டு பேரும் பேசிப் பழகி... சரி, அது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு இது தரகர் கொண்டு வந்த சம்பந்தம். "இவர் இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம் சித்தி" என்று தேவி என்னிடம் அழுதிருந்தாள்.

அக்காவுக்கு வேறு கவலை. ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து வரிசை வீட்டில் குடியேறிய நாளிலிருந்து, யாரும் தன்னைத் தோட்டத்து ஆள் என்று சொல்லிவிடக் கூடாது. அதனால் தோட்டத்திலிருந்து கொண்டு வந்த, நீலக் கரை போட்ட எனாமல் கோப்பைகளை எல்லாம் அடுப்படியில் மூட்டை கட்டி மறைத்துவிட்டு, பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து டீச்சரம்மாவிடம் வெள்ளி டம்ளர்களை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"வேணாம்மா. வெள்ளியில சூடு சட்டுனு கைக்கு வந்துரும். கரண்டா இருந்தாலும் சூடா இருந்தாலும் கடத்துறதுல வெள்ளிதான் மொத ஆளு, செம்புகூட அதுக்கு அப்புறம்தான். எவர்சில்வரே தேவல லா" என்றாள் தேவி.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு எவர்சில்வரா? நீ போயி பூவ வச்சிக்க."

அக்காவிடம் எதைச் சொன்னாலும் உள்ளே இறங்காது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? நானும் அங்கேதான் வளர்ந்தேன் – அதை இப்போது பேச வேண்டாம்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்காமல் கீழே வைத்தால், "வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று அர்த்தம்.

தேவி தட்டை நீட்டினாள். பையனின் அம்மா டம்ளரை எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே வைத்தார். அப்பா எடுத்தார். அவரும் வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தோம்.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "குடிக்கலடி. வேணாம்னு சொல்லிட்டாங்க."

நான் போய் அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கத்தான், வேறு எதற்கு? அவர் கணவரிடம் முணுமுணுத்தார்: "தொட முடியாத சூட்டுல குடுத்திருக்காங்க. எந்திரிச்சுப் போங்கன்னு சொல்றாங்க போல."

பாருங்கள் கூத்தை. இவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று அவர்கள், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று இவர்கள். நடுவில் ஒரு பாவமும் அறியாத வெள்ளி.

அடுப்படிக்கு ஓடித் தேவியிடம் சொன்னேன். அவள் மூட்டையை அவிழ்த்து எனாமல் கோப்பைகளை எடுத்தாள்.

அக்கா வாசலை மறித்தாள். "மானம் போயிரும்டி."

"மானம் போனா போவுது. இவங்க எந்திரிச்சுப் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அக்காவுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. வழியை விட்டாள்.

கோப்பையின் காது அந்த அம்மாவின் பக்கம் இருக்கும்படி நீட்டினாள் தேவி. "வெள்ளி ரொம்ப சூடும்மா. இதுல குடிங்க."

அவர் கோப்பையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா மடமடவென்று குடித்துவிட்டு, "இதே கோப்பதான் எங்க வீட்டுலயும். நீங்க வந்தா கண்ணுல படக் கூடாதுன்னு கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன்" என்றார்.

அப்புறம் என்ன, சிரிப்புதான். இரண்டு அம்மாக்களும் எந்தத் தோட்டம், எத்தனையாவது லயத்து வீடு என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

டம்ளர்களை எடுக்கப் போன நான்தான் கவனித்தேன். கணேசனின் வெள்ளி டம்ளர் காலி. அவன் விரல்கள் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. கரண்டோடு புழங்குகிறவனுக்கு வெள்ளியைப் பற்றித் தெரியாதா?

"ஏன் தம்பி, நீங்களும் கீழ வச்சிருக்கலாமே?"

"வச்சா, புடிக்கலன்னு நெனச்சுக்குவீங்களே அத்தே."

அத்தையாம். நாள்கூடக் குறிக்கவில்லை... அதற்குள் முறை வைத்துவிட்டான்.