தோட்டத்துப் பிக்கப்பின் டிரைவர்

கொட்டகலையில் நான் மெக்கானிக்காக இருக்கும் கராஜுக்கு, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் இல்லாமல் ஓடி என்ஜின் இறுகிப்போயிருந்தது. கூடவே அதன் டிரைவரும் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். வேறு என்ஜினை ஏற்றிய இரண்டு நாளும் அவர் உட்காரவில்லை. நான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆயில் குறையிறது தெரியலையாண்ணே?" என்று கேட்டேன்.

"மூணு மாசமா தோட்டத்துத் தொரகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. ஓடுற வரைக்கும் ஓட்டுன்னாரு. போன வாரம் கொழுந்தெடுக்குற லயத்துப் பொண்ணு ஒண்ண பிரசவத்துக்கு ஏத்திக்கிட்டு வந்தேன். பாதி வழியில வண்டி நின்னுருச்சு. புள்ள வயித்துலயே எறந்துருச்சு."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"கொழுந்து ஏத்தணும்ல. அதான் நாலே நாள்ல என்ஜின் வாங்கிட்டாங்க," என்றார்.

வேலை முடிந்ததும் அவரே ஸ்டார்ட் செய்து, என்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் ஓடுது," என்று அணைத்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தார். "வண்டிய எடுக்க வேற ஆள அனுப்பச் சொல்லி தோட்டத்துல சொல்லிருங்க."

பஸ் நிற்கும் பக்கம் நடந்துபோனார். இருபது வருடமாக என்ஜின் மாற்றுகிறேன். மாற்றிய என்ஜின் நன்றாக ஓடியதற்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான்.