சேம்புதானே!

சரியாக வேகாத சேப்பங்கிழங்கைத் தின்றால் நுனிநாக்கில் தொடங்கி உள்தொண்டை வரை ஓர் அரிப்பு ஊர்ந்து போகுமே, அதற்கு எங்கள் வீட்டில் "நமநம" என்று பெயர். "புளி பத்தல, அதான் நமநமங்குது" என்று சொல்லி அம்மா குழம்பை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள்.

திருநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, யாரோ ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து கருந்தண்டும் அகல இலையுமாக ஒரு சேம்பைக் கொண்டுவந்து, அழகுக்காக அந்தத் தண்ணீரில் வளர்த்தார். வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார். டைகர் என்றொரு நாயும் இருந்தது. பூனையைக் கண்டால் கட்டிலுக்கடியில் பதுங்கும் அதற்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான், அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஒரு கோடை விடுமுறைக் காலையில் டைகர் அந்தத் தண்டைக் கடித்து மென்றதை நான் பார்த்தேன். சற்று நேரத்தில் அதன் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகியது, நாக்கு தடித்துத் தொங்கியது, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. தாகத்தில் தொட்டிக்குப் போகும், தண்ணீரில் வாய் வைக்கும், விழுங்க முடியாமல் முனகிக்கொண்டு பின்வாங்கும். எதிர்வீட்டு அண்ணன் அதைத்தான் பார்த்தார்.

"சார், தண்ணியக் கண்டு மிரளுது பாருங்க. வெறி புடிச்சிருச்சு. புள்ளைய உள்ள கூப்பிடுங்க!"

"இல்லண்ணே, செடியத் தின்னுச்சு, நான் பாத்தேன்" என்று கத்தினேன்.

அப்பா செடியைத் திரும்பிப் பார்த்தார். "சேம்புதானே பாப்பா? நாமளே வாரம் தவறாம திங்கிறோம், நம்மள என்ன செஞ்சுச்சு?"

புளி விடாமல் ஒருநாளும் கிழங்கை இறக்காத அம்மாவிடம் அதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். அவளோ என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு அண்ணன் சாக்கை விரித்துப் பிடித்திருக்க, அப்பா "டைகர், வா" என்றார். அவர் கூப்பிட்டாரே என்று அந்த நிலையிலும் வாலை ஆட்டிக்கொண்டு அது வந்தது. நான் எம்புட்டுக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "ஊருக்கு வெளிய, பரவைப் பக்கம் போயிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா சாக்கோடு அண்ணனுடைய மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டார். திரும்பி வந்தவர் தொட்டியருகே நெடுநேரம் நின்று கை கழுவினார். எங்கே விட்டார்கள், என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டைகர் நக்கிய கை என்பதால் எனக்கு ஊசி போட்டார்கள்.

இப்போது கே.கே. நகரில் என் மகளும் ஒரு நாய் வளர்க்கிறாள். போன மாதம் அவள் ஆசைப்பட்ட தொட்டிச் செடியை செல்போனில் படம் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன்.

"சேம்பு வகையா? வேணாம்மா. பச்சையாக் கடிச்சா வாயில ஊசி ஊசியாக் குத்தும். வீங்கி எச்சி ஒழுகும்."

"செத்துப்போகுமா டாக்டர்?"

"பெரும்பாலும் இல்லம்மா. வாயக் கழுவிவிட்டு, கொஞ்சம் தயிர் குடுத்து இங்க தூக்கிட்டு வாங்க. மறுநாளே பழையபடி ஓடும்."

திருநகர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தொட்டி இல்லை, இதைப் போய்ச் சொல்ல அப்பாவும் இல்லை. டைகரைக் கொண்டுபோன அன்று மதியம், அழுது ஓய்ந்த எனக்கு அம்மா தயிர்சோறு பிசைந்து ஊட்டினாள்.