சித்தப்பா பிடித்த பந்து

என் மகனைப் பள்ளிக் காற்பந்துக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். நான் கையொப்பமிட வேண்டிய தாள் மூன்று நாளாக மேசைமேல் கிடக்கிறது. ஏன் என்று கேட்கிறான். அடிபடும் என்கிறேன். அதுவல்ல காரணம்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எனக்கு எட்டு வயது. கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா இறந்தபின் சித்தப்பாதான் மரவள்ளி நட்டு எங்களைக் காப்பாற்றினார். தோட்டத்துப் பந்துக் குழுவில் கோல் காக்கும் கோலியும் அவரே. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்ற பேச்சு வந்ததும், அம்மா வாசலில் வேப்பிலை செருகி, அவர் முகத்தில் மஞ்சள் பூசிப் படுக்கவைத்தாள். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். ஆள் கணக்கெழுதும் கிராணியும் வாசலோடு திரும்பிவிட்டார். அம்மை பொய் என்று எனக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஜப்பான் அதிகாரி ஒரு பந்தாட்டம் வைத்தான். வட்டாரத்தில் தோற்காத குழுக்கள் இரண்டுதான்: எங்களுடையதும், மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றினுடையதும். ஜெயித்தால் ஒரு மூட்டை அரிசி. நாங்கள் சோற்றைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

பாதி ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். சித்தப்பாவின் இடத்தில் நின்றவன் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னா அண்ணே, கோலியத் தூக்கத்துலேர்ந்து எழுப்பியா கூட்டியாந்தீங்க?" என்று மெர்போக்காரன் ஒருவன் கத்த, திடலே சிரித்தது. பொறுக்க முடியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா பலகைச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தன பாப்பா?"

"ஒண்ணு வாங்கிட்டோம். நீங்க பயந்துகிட்டுப் படுத்திருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, சித்தப்பா."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

"அம்மா எங்க?"

"ஆத்துக்குப் போயிருக்கு."

எழுந்து முகத்தைக் கழுவினார்.

அவர் திடலுக்கு வந்து நின்றபின் ஒரு பந்துகூட அவரைத் தாண்டவில்லை. நாங்கள் இரண்டு போட்டோம். அவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். காதோரம் கழுவாத மஞ்சள் வெயிலில் தெரிந்தது. அதிகாரி சிரித்தபடியே இரண்டு குழுவினரின் பெயர்களையும் எழுதச் சொன்னான். சித்தப்பாவின் முறை வந்ததும் கிராணி தலையைத் தூக்காமல், "ஏன்டா வந்த?" என்றார். கிராணி மெர்போக் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று லயத்து வீடுகள் முழுக்கச் சோறு மணந்தது. நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அம்மா தட்டைத் தொடவில்லை.

"பந்தக் கண்டா புத்தி கெட்டுடுமா தம்பி ஒங்களுக்கு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"ஆமா அண்ணி. கெட்டுத்தான் போச்சு."

அம்மா சாகும்வரை அதையே நம்பி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் காலை லாரி வந்தது. சயாமுக்கு என்று பெயர் வாசிக்க வாசிக்க ஆட்டக்காரர்கள் ஏறினார்கள். கூட்டத்துக்குள் நுழைந்து கேட்டேன்: "சயாம்ல யாரோட ஆட்டம், சித்தப்பா?"

"பெரிய டீமு பாப்பா. முடிய நாளாகும்லா."

லாரி நகர்ந்தது. பெண்கள் மண்ணில் புரண்டு அழுதார்கள். நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன். ஆட்டத்துக்குப் போகிறவரை அழுதா அனுப்புவது என்று அம்மாவைக் கோபித்துக்கொண்டேன்.