பெர்னிஸ் வெட்டிய துவாரம்

புருஷன் இறந்த பிறகு பெர்னிஸ் அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரத்துக்குத் திரும்பி, தன் அப்பா கட்டிய வீட்டிலேயே தம்பி நார்பர்ட்டோடு குடியிருந்தாள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சாயங்காலம் வந்து தம்பிக்குச் சமைப்பாள். அவளுக்குக் கிடைத்தது, அவள் கல்யாணமாகிப் போன பிறகு அப்பா சமையலறைக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிய அறை. வீடு முழுக்க, நிலவறையில் இருந்த உலையிலிருந்து குழாய் வழியாகச் சூடான காற்று வரும். அந்த அறைக்கு மட்டும் வராது. ஏரிக்காற்று அடிக்கும் நாட்களில் டம்ளர் தண்ணீர் மேலே ஐஸ் ஏடு கட்டும். அந்த அறைக்குக் குழாயே போகவில்லை என்று நார்பர்ட் சொல்லியிருந்தான். அவளும் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கப் பழகினாள்.

ஒரு ஜனவரியில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவள், சூடு வரத் தானே தரையில் ஒரு துவாரம் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். எதிர்வீட்டுக்காரி நான், டார்ச் பிடிக்கப் போனேன். நிலவறைக் கூரையை ஒட்டி ஓடிய பெரிய தகரக் குழாய் அவள் அறைக்கு அடியில்தான் முடிந்தது. உலையை அணைத்துவிட்டு, தகரக் கத்திரியால் குழாயின் மேல்பக்கம் வட்டமாக வெட்டினாள். அறையின் தரைப்பலகையில் ஓட்டை போட்டு, சின்னக் குழாய் ஒன்றைச் செருகித் தரையோடு இணைத்தாள். கையெல்லாம் கீறல். உலையை மறுபடி மூட்டினோம். புதுத் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை.

மறுபடி கீழே போய் உலையை அணைத்து, சின்னக் குழாயைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டாள். ஏதோ மெத்தென்று அகப்பட்டது. இழுத்ததும் எலிப்புழுக்கை அவள் முகத்திலேயே கொட்டியது. பிறகு முடிக்கற்றை, சிகரெட் துண்டுகள், காய்ந்துபோன எலிக்குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு, மூத்திர நாற்றத்தோடு. கல்யாணத்துக்கு முன் அவள் போட்டிருந்தது. அம்மா அதை மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டதாக நார்பர்ட் சொல்லியிருந்தான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் வாளியில் வாந்தியெடுத்தாள்.

குழாயைப் பழையபடி மாட்டி, உலையை மூட்டிவிட்டு மேலே வந்தோம். சூடு வந்துகொண்டிருந்தது. கட்டிலின் காலருகே தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பு காற்றில் மெல்ல உப்பி எழுந்தது. பெர்னிஸ் கத்தியால் கீறினாள். அடியில் இரும்புச் சல்லடை. அப்பா வைத்த துவாரம்.

நார்பர்ட் சமையலறையில் தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான். அவள் கோட்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத நீதான அடைச்ச?"

அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். "அப்பா போனப்புறம் அந்த ரூம் சும்மாதான கெடந்துது. எதுக்கு அங்க சூடு?"

"நான் திரும்பி வந்தப்புறம்?"

"அத எடுத்தா என் ரூம்ல சூடு கொறையும். நீதான் எதுவும் கேக்கலியே."

சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய கடுகுச் சாற்றை நக்கினான். அந்த நாக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கூச்சமோ, பயமோ, ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. தின்று முடிப்பதிலேயே குறியாக இருந்தான்.

பெர்னிஸ் கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஆசைப்பட்ட சூடு வந்தும் அந்த அறையில் அவளால் படுக்க முடியவில்லை. காற்றோடு எலி நாற்றமும் வந்தது. வீடு முழுக்க அதைத்தான் இத்தனை நாளும் மூச்சாக இழுத்திருக்கிறோம் என்றாள். எங்கள் சோபாவில் சில வாரம் படுத்திருந்துவிட்டு, ஈஸ்டருக்கு முன்பே பேக்கரி மாடியில் ஓர் அறை பிடித்துக்கொண்டாள். சூடு போட்டுக் கொடுத்தும் அக்கா விட்டுப் போய்விட்டதாக நார்பர்ட் கோயில் வாசலில் குறைப்பட்டுக்கொண்டான். தலையாட்டியவர்களும் உண்டு. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

அவன் செத்தபோது அடக்கத்துக்கு வந்தாள், மண் போட்டாள். அடக்கம் முடிந்து போடும் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்கு வரும்படி உறவுக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

"எனக்கு அங்க சோறு எறங்காது," என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டாள்.