எழுதியது ஒருத்தி, மேசைக்குப் பின்னால் நின்றது வேறொருத்தி

பெங்களூர் கம்பெனி வேலையை நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் இருந்தபடியே பார்க்கிறேன். மாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கணினி நிரல் எழுதச் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைதோறும் பக்கத்துப் பள்ளியொன்றுக்குச் சம்பளம் வாங்காமல் போய் இதே பாடத்தை எடுத்துவந்தேன்.

அங்கே ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். வீட்டில் கணினி கிடையாது. நோட்டில் பென்சிலால் எழுதிவந்து பள்ளிக் கணினியில் தட்டிப் பார்ப்பாள். அவள் ஊருக்கு டவுன் பஸ் குறைவு. மணியைச் சொன்னால் அடுத்த பஸ் எப்போது என்று காட்டும் நிரலை இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதி முடித்தாள். ஒரு வரிகூட நான் போட்டதில்லை.

அது மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வானது. லீவு போட்டுவிட்டுப் போனேன். எழுதியவளை அழைத்தே வரவில்லை. மேசைக்குப் பின்னால் வேறொரு பெண் நின்றாள். பள்ளிக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண். அட்டையிலும் அவள் பெயர்தான்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்குப் பேச வராதுங்க மேடம். இந்தப் பாப்பா இங்கிலீஷ்லயே சொல்லிப்போடும்."

"எழுதுனது யாருங்க சார்?"

"யாரு எழுதுனா என்னங்க, எல்லாம் நம்ம புள்ளைங்கதானுங்களே."

பேச வராதாம். வகுப்பறையைப் பெருக்கவும் குடத்தில் தண்ணீர் பிடிக்கவும் மட்டும் அவளைக் கூப்பிட்டவர்கள், ஒரு நாளாவது அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்களா?

அதற்குள் நடுவர் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ் நேரம் வேறாக இருந்தால் நிரலில் எந்த இடத்தில் மாற்றுவாய் என்று கேட்டார். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க சார். இத எழுதுனது நானில்லீங்க, எங்க கிளாஸ் புள்ள" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அவள் மேலும் கோபமாக இருந்தேன் என்பதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியர் போன் செய்தார். "இனி நீங்க வர வேண்டாமுங்க மேடம். வெளியாளுங்க வந்தா பிரச்சினையாகுதுங்க." மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதோடு சரி.

எழுதியவளின் வீட்டுக்குப் போனேன். "உட்டுருங்க மிஸ்," என்றார் அம்மா. "நாளைக்கும் புள்ள அங்கதான படிக்கோணும்." மகள் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள்.

"ஞாயித்துக்கெழமைய கேட்டாங்களாமுங்க மிஸ். அதையும் சேத்தி எழுதிட்டேன். சனிக்கெழம கிளாஸும் இல்ல, தட்டிப் பாக்கத்தான் எடமில்லீங்க."

இப்போது சனிக்கிழமை வகுப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. கண்காட்சியில் அழுத பெண்ணும் வருகிறாள். அவள் வீட்டுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதுமில்லை.

பள்ளியிலிருந்து மன்னிப்பென்று ஒரு வார்த்தை இன்றுவரை வரவில்லை. எனக்கு அது வேண்டாம். எழுதியவளுக்கு வந்திருக்க வேண்டும்.